இணையக் காவலும் நம் இளைஞர்களும்

(வெள்ளிவிழாவையொட்டிச் சின்னசேலத்தில் நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்வி குறித்துப் பேசுமாறு கழகத்தார் நம்மைப் பணித்தனர். கல்வியின் பெருமையை எடுத்துரைக்க நம்மினும் தகுதியுடையோர் இம்மேடையில் பலர் உளர். ஆதலின் நாம் ஒரேயொரு வேலையைப் பற்றி மட்டும் பேச விரும்புகின்றோம். இணையத்தில் இயங்கும் கணினிகளைத் தாக்க வரும் முகவரிகளைக் கண்டறிந்து, பதிவு செய்து, உரியவர்க்கு அறிவிக்கும் வேலை அது. வரலாறு படித்துப் பட்டம் பெற்றவருக்கு இதில் என்ன வேலை என்று முன்வரிசையில் சிலர் புன்னகைப்பது தெரிகின்றது. கணினியைத் திறந்து பழுது பார்க்க நமக்குத் தெரியாதுதான். ஆனால் இவ்வேலையின் பெரும்பகுதி, சான்றுகளைப் படித்து எது உறுதி, எது ஐயம் என்று பிரித்தறிவதாகும். அது வரலாற்று மாணவனின் தொழில். நம்மிடம் பயின்று இன்று வெளியூர்களில் இத்துறையில் பணியாற்றும் மாணவர்கள் சிலர், விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பொறுமையாக நமக்குப் பாடம் நடத்தினர். அப்பாடத்தையே உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கின்றோம்.

முதலில் முகவரி என்பது யாதெனக் காண்போம். அஞ்சல்காரர் கடிதத்தைக் கொணர்ந்து தருவதற்கு வீட்டு எண், தெரு, ஊர் வேண்டியிருப்பதைப் போல, இணையத்தில் செய்தி சென்று சேர ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் எண் வேண்டும். அதனை ஐ.பி. முகவரி என்பர். புள்ளியிட்டுப் பிரித்த நான்கு எண்களாக அதனை எழுதுவர். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இவ்வகையில் ஆகக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி. உலக மக்கள் தொகையோ 800 கோடியைத் தாண்டிவிட்டது. இக்கணக்கை நினைவில் வையுங்கள், பின்னர் தேவைப்படும். ஆறாம் பதிப்பு எனப்படும் மிக நீண்ட புதிய முகவரிகளும் புழக்கத்துக்கு வந்துள்ளன. ஆயினும் பழைய நான்கெண் முகவரி இன்னும் மறையவில்லை.

சர்வர் என்று வழங்கப்படும் கணினி, இரவும் பகலும் திறந்திருக்கும் அலுவலகம் போன்றது. தேர்வு முடிவைக் கேட்டாலும், ரயில் பயணச்சீட்டைக் கேட்டாலும், நமக்கு விடையளிப்பது ஏதோ ஓர் ஊரில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரே. அதனுள் சென்று பராமரிக்கும் உரிமையுடையோர்க்கு ஒரு பெயரும் கடவுச்சொல்லும் உண்டு. இத்தகைய கணினி ஒன்றைப் புதிதாக இணையத்தோடு இணைத்தால், அதன் இருப்பை எவரிடமும் சொல்லாவிட்டாலும், சிறிது நேரத்துக்குள் யாரோ கதவைத் தட்டத் தொடங்கிவிடுகின்றனர். தட்டுவது பெரும்பாலும் மனிதக் கையன்று. உலகிலுள்ள முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்குமாறு ஏவிவிடப்பட்ட நிரல்கள் அவை. எந்நேரத்தில், எப்பெயரைச் சொல்லி, எம்முகவரியிலிருந்து தட்டினர் என்பதைச் சர்வர் தானே எழுதி வைத்துக்கொள்கின்றது. அதனை லாக் என்பர். நாம் பதிவேடு என்றே சொல்வோம்.

அப்பதிவேட்டின் ஒரு வரியைத் தமிழிற் சொன்னால் இவ்வாறிருக்கும்: மார்ச் 3, பின்னிரவு 2 மணி 14 நிமிடம் 7 நொடி, ‘ரூட்’ என்ற பெயரில் நுழைய முயற்சி, கடவுச்சொல் தவறு, வந்த முகவரி 203.0.113.45. இரண்டு நொடி கழித்து அடுத்த வரி. அதே முகவரி, ‘அட்மின்’ என்ற பெயர். அடுத்து ‘டெஸ்ட்’. அடுத்து மீண்டும் ‘ரூட்’, வேறொரு கடவுச்சொல். ஓரிரவில் இத்தகைய வரிகள் ஆயிரக்கணக்கில் சேர்வதுண்டு. நாம் இங்கே சொன்ன முகவரி எவருடையதும் அன்று. நூல்களில் எடுத்துக்காட்டாகக் காட்டுவதற்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்ட எண் வரிசையைச் சேர்ந்தது அது. நல்ல ஏற்பாடு. எடுத்துக்காட்டுக்காகக்கூட எவர் மீதும் பழி விழாது.

இவ்வரிகளைப் படித்துக் கதவடைக்க ‘ஃபெயில்2பேன்’ என்றொரு கட்டற்ற மென்பொருள் உண்டு. காசு கொடுக்க வேண்டியதில்லை. பத்து நிமிடத்துக்குள் ஐந்து முறை தவறினால் அம்முகவரிக்குக் கதவை அடைத்துவிடும். எவ்வளவு காலத்துக்கு என்றால், நாமாக மாற்றி அமைக்காத வரை, பத்தே நிமிடத்துக்கு! காலங்கடந்து வரும் மாணவனைச் சிறிது நேரம் வெளியே நிறுத்தலாம். அதற்காக மாற்றுச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட முடியுமா? அந்தப் பத்து நிமிடத்தின் பொருள் மேலே செல்லச் செல்ல விளங்கும்.

தட்டிவிட்டுப் போகட்டுமே, நமக்கென்ன என்று கருதுவோர் உண்டு. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடங்கின. எவரோ உட்புகுந்து ஐந்து சர்வர்களிலிருந்த ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவுகளைப் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டனர். வலையமைப்பை முறையாகப் பிரித்து வைக்காமையே இதற்கு இடந்தந்தது என்று அரசு மாநிலங்களவையில் தெரிவித்தது. நோயாளிச் சீட்டு முதல் ஆய்வக முடிவு வரை அனைத்தையும் பல நாட்கள் கையால் எழுத நேர்ந்தது. தனியார் மருத்துவமனைக்குச் செல்லும் வசதியுடையோர் சென்றிருப்பர். வரிசையில் காத்து நின்றவர் யாராக இருந்திருப்பர் என்பதை இவ்வவைக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இவ்வேலையின் தொடக்கத்தை அறிய 1986ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபர்ட் ஸ்டால் என்பவர் பணியாற்றினார். அவர் வானியல் படித்தவர். ஆராய்ச்சிக்குரிய நிதி தீர்ந்தமையால் கணினிப் பிரிவுக்கு வந்து சேர்ந்தவர். கணினியைப் பயன்படுத்தும் நேரத்துக்குக் கணக்கிட்டுக் கட்டணம் பெறும் காலம் அது. ஒரு மாதக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. முக்கால் டாலர்தானே என்று அவர் தள்ளிவிடவில்லை. யாரோ ஒருவர் கணக்கில் வராமல் சில நொடிகள் உள்ளே இருந்திருக்கின்றார் என்று கண்டார். வார விடுமுறையில் அலுவலகத்திலிருந்த அச்சிடும் கருவிகளையெல்லாம் திரட்டி, வெளியிலிருந்து வரும் ஐம்பது இணைப்புகளிலும் பொருத்தினார். மேசைக்கடியிலேயே படுத்துறங்கினார். உள்ளே வந்தவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தும் தாளில் விழுந்தது. வானியலார் விண்மீனைக் குறிப்பது போல நாளையும் நேரத்தையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வந்தார்.

வந்தவன் அமெரிக்க இராணுவக் கணினிகளைத் தேடி அலைந்துகொண்டிருந்தான். ஸ்டால் அதனைப் புலனாய்வு அமைப்பினரிடம் எடுத்துரைத்தபோது, இழப்பு 75 சென்ட்தானா என்று அவர்கள் முதலில் பொருட்படுத்தவில்லை. (மனுவோடு அலுவலகங்களில் நின்று பழகிய நம்மவர்க்கு இதில் வியப்பிராது.) அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. தடம் கடல் கடந்து மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரத் தொலைபேசி வரை சென்றது. அங்கிருந்த பழைய தொலைபேசி நிலையத்தில் இணைப்பைப் பின்தொடர்ந்து கண்டுபிடிக்க நெடுநேரம் வேண்டும். அவனோ வந்த சில நிமிடங்களில் போய்விடுவான். ஸ்டால் ஒரு வழி கண்டார். இராணுவத் திட்டம் ஒன்று நடப்பதாகப் பொய்க் கோப்புகளை மிகுதியாக ஆக்கி வைத்தார். அவன் ஆவலோடு அமர்ந்து படித்துக்கொண்டிருக்க, அங்கே தடம் முடிந்தது. அகப்பட்டவன் பெயர் மார்க்குஸ் ஹெஸ். திரட்டியதைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்று வந்தவன். 1990ஆம் ஆண்டில் ஜெர்மனி நீதிமன்றம் அவனுக்கும் கூட்டாளிகளுக்கும் தண்டனை விதித்தது. அந்தப் பொய்க் கோப்பைப் போன்ற பொறிகளைத் தேன்குடம் என்ற பொருளில் ஹனிபாட் என்று இன்று அழைக்கின்றனர். தாக்குவோரின் முகவரிகளையும் முறைகளையும் கற்பதற்காக உலகெங்கும் இவை வைக்கப்பட்டுள்ளன.

இங்கே நம் முன்னோரை நினைக்க வேண்டியுள்ளது. சிற்றூர்களில் இரவில் களத்தையும் பயிரையும் ஏரி மதகையும் காத்தவர்களுள் நம்மவர் மிகுதி. எல்லை வழக்கு வந்தால் கல் புதைந்திருக்கும் இடத்தை நடந்து சென்று காட்டியவர்களும் அவர்களே. ஆனால் பதிவேடு அவர்கள் கையில் இல்லை. அது கர்ணத்தின் கையில் இருந்தது. கண்டவர் ஒருவர், எழுதியவர் வேறொருவர். எழுதியதே சான்றாயிற்று. கண்டவர் சொல் காற்றோடு போயிற்று. 1980 நவம்பரில் தமிழக அரசு அப்பழைய கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்தது. பின்னர்த் தேர்வின் வழியாகக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். நம் பிள்ளைகளும் அவ்விருக்கையில் அமர்ந்தனர். நாம் கூறும் இணையக் காவலில் கண்டவரே எழுதுபவர். இரவெல்லாம் விழித்திருக்கவும் வேண்டா, பதிவேடு விழித்திருக்கும். காலையில் அதனைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும், அவ்வளவே.

படித்ததை யாரிடம் சொல்வது? 1988 நவம்பரில் மோரிஸ் புழு என்ற நிரல் பல்லாயிரம் கணினிகளை முடக்கியதன் பின்னரே, இத்தகைய செய்திகளைப் பெறுவதற்கென அமெரிக்காவில் ஓர் அவசர உதவிக் குழு ஏற்பட்டது. இந்தியாவில் அத்தகைய அமைப்பு 2004 முதல் செயற்பட்டு வருகின்றது. சர்ட்-இன் என்பது அதன் பெயர். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70-பி பிரிவு அதற்கு அதிகாரம் வழங்குகின்றது. 2022 ஏப்ரல் 28 அன்று அது பிறப்பித்த ஆணையின்படி, நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாட்கள் பாதுகாத்து வைக்க வேண்டும். கணினிக் கடிகாரங்களை அரசின் நேரத்தோடு இசைவிக்க வேண்டும். கடிகாரத்தைப் பற்றி ஓர் ஆணையில் ஏன் எழுதினர் என்பதற்கு விரைவில் வருகின்றோம்.

அறிவித்தலால் என்ன விளையும் என்பதற்கு நம் தமிழகத்திலேயே சான்றுண்டு. 2019 அக்டோபர் இறுதியில், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினியில் தீநிரல் புகுந்துள்ளது என்ற செய்தி பரவிற்று. அரசின் தொழில்நுட்ப உளவு அமைப்பில் முன்பு பணியாற்றிய புக்ராஜ் சிங் என்பவர், இதனைச் செப்டம்பரிலேயே உரிய அதிகாரிக்குத் தெரிவித்துவிட்டதாகக் கூறினார். அக்டோபர் 29 அன்று நிலையத்தின் சார்பில் மறுப்பு வந்தது. உலையை இயக்கும் கணினிகள் வெளியுலகத் தொடர்பற்றவை, ஆகவே தாக்க இயலாது என்றனர். மறுநாளே இந்திய அணுமின் கழகம், தீநிரல் கண்டறியப்பட்டது உண்மையே என்று ஒப்புக்கொண்டது. சர்ட்-இன் செப்டம்பர் 4 அன்றே தமக்குத் தெரிவித்தது என்றும், நோயுற்றது நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினி என்றும், உலையின் உள் வலையமைப்பு தனித்துள்ளது என்றும் விளக்கிற்று. ஒருநாள் மறுப்பு, மறுநாள் ஒப்புதல்! அந்த ஒருநாள் மறுப்பு தேவையற்றது என்பது நம் கருத்து. மக்கள் அஞ்சுவது செய்தியைக் கேட்டு மட்டுமன்று, மறைப்பதைக் கண்டும்தான். ஆயினும் ஒருவர் கண்டு சொல்ல, உரிய அமைப்பு நிலையத்தாரிடம் எடுத்துச் செல்ல, வல்லுநர் ஆராய்ந்தனர் என்ற வரிசை இதில் முறையாக நடந்துள்ளது.

அத்தீநிரலின் பெயர் டிட்ராக். காஸ்பர்ஸ்கி என்ற பாதுகாப்பு நிறுவனம் அதே செப்டம்பரில் அதனை விவரித்திருந்தது; இந்திய ஏ.டி.எம். எந்திரங்களில் முந்தைய ஆண்டு கண்ட தீநிரலுக்கு உறவானது அது. ஆராய்ந்தோர் அந்நிரலினுள் கூடங்குளத்தின் சுருக்கப் பெயரையும் 10 என்று தொடங்கும் ஒரு முகவரியையும் கண்டனர். அந்நிலையத்தின் உள் அமைப்பை அறிந்து அதற்கெனவே நெய்யப்பட்ட நிரல் அது என்று அதனாற் கருதினர். இதில் ஒரு நுட்பம் உண்டு. 10 என்று தொடங்கும் முகவரிகள் கட்டடத்தினுள் மட்டும் வழங்குபவை. எல்லா ஊரிலும் முதல் தெரு இருப்பது போல, பத்தாம் எண் முகவரி பல்லாயிரம் அலுவலகங்களில் இருக்கும். முகவரி மட்டும் இருந்திருந்தால் அது கூடங்குளத்தைச் சுட்டியிராது. பெயரும் உடனிருந்தமையால் பொருள் தந்தது. தனித்ததொரு முகவரி தானே பேசுவதில்லை.

இதனையே இளைஞர்கள் நன்கு மனத்தில் இருத்த வேண்டுகின்றோம். முன்னர்ச் சொன்ன கணக்கை நினையுங்கள். முகவரி 429 கோடி. மக்கள் 800 கோடிக்கு மேல். ஒருவர்க்கே இரண்டு, மூன்று கருவிகள். ஆகவே சேவை நிறுவனங்கள் ஒரே முகவரியை நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்க்குப் பகிர்ந்தளிக்கின்றன. இன்று உங்கள் கைப்பேசிக்கு வாய்த்த முகவரி நாளை வேறொருவர்க்குச் செல்லலாம். ஒரு முகவரியின் பின்னால் ஒரு தெருவே குடியிருக்கின்றது என்று கொள்ளுங்கள். அத்தெருவில் ஒரு வீட்டு எந்திரம் கெட்டுப்போனதற்காக, அந்த முகவரியை நிலையான கறுப்புப் பட்டியலில் ஏற்றிவிட்டால், தெருவுக்கே கதவு அடைபடும்.

அவ்வாறு அடைபட்டதை நாம் கண்டுள்ளோம். சில ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவியர் சிலர், கல்லூரி ஒன்றின் விண்ணப்பத்தை நிரப்ப நம்மிடம் வந்தனர். கடைசி நாள். இணையதளம் திறக்கவில்லை, உங்கள் முகவரி தடை செய்யப்பட்டுள்ளது என்ற வரி மட்டும் வந்தது. மாணவியர் முகத்தில் ஓடிய அச்சத்தைப் பார்க்க வேண்டுமே! நாங்கள் என்ன செய்தோம் ஐயா என்று ஒரு பெண் கேட்டாள். எங்கள் கணினிகளை ஆசிரியர் ஒருவர் துருவிப் பார்த்தார்; குறையொன்றும் இல்லை. அதே முகவரியைப் பகிர்ந்துகொண்ட வேறெங்கோ ஒரு கருவி செய்த வினை அது. கைப்பேசி இணைப்புக்கு மாறி, ஒவ்வொருவராக விண்ணப்பத்தை அனுப்பி முடிக்க இரவாயிற்று. கைப்பேசியும் இல்லாதவர் என்ன செய்திருப்பர்?

இதனினும் பெருந்துன்பம் அடைந்தவர் உண்டு. 2007ஆம் ஆண்டில், ஆர்க்குட் என்ற தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தியதாக ஒரு வழக்கில் புனே காவல்துறையினர் பெங்களூரைச் சேர்ந்த கணினிப் பொறியாளர் ஒருவரைக் கைது செய்தனர். அக்குற்றம் நடந்த முகவரி அவருடையது என்று இணையச் சேவை நிறுவனம் விவரம் கொடுத்திருந்தது. அவ்விவரம் தவறானது. அந்நேரத்தில் அம்முகவரி வேறிடத்தில் இருந்தது. இது தெரிந்து வெளியே வருவதற்குள் அவர் ஐம்பது நாட்களைச் சிறையிற் கழித்துவிட்டார். படித்தவர், வேலையிலிருப்பவர், பெருநகரில் வாழ்பவர், அவர்க்கே இந்நிலை. நம் தெருப் பிள்ளை ஒருவனது வீட்டு வாசலில் இவ்வாறொரு தாளோடு காவலர் வந்து நின்றால், ஐம்பது நாளோடு அது முடியும் என்று உறுதி கூற நம்மால் இயலாது.

வரலாற்றாசிரியனாக இங்கே ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. 1871இல் ஆங்கில அரசு குற்றப் பழங்குடியினர் சட்டத்தை இயற்றிற்று. பிறந்த குடியைப் பார்த்தே குற்றவாளி என்று எழுதி வைத்தனர். கைரேகை பதித்து, இரவில் இருப்பைக் காட்டச் செய்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைச் சீமையின் பெருங்காமநல்லூரில் அதனை எதிர்த்து நின்றோர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். நாடு முழுவதும் அச்சட்டம் நீங்கியது 1952 ஆகஸ்டு 31இல். பட்டியலில் ஏற்ற ஒருநாள் போதியதாயிருந்தது. இறக்க எண்பத்தோராண்டு ஆயிற்று. முகவரிப் பட்டியலையும் மனிதர் பட்டியலையும் நாம் ஒன்றாக்கவில்லை. ஆனால் இருக்குமிடத்தைக் கொண்டு ஆளைத் தீர்மானிக்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறிந்த மக்கள் நாம். ஆகையால் இவ்வேலையை நம்மவர் பிறரினும் கவனமாகச் செய்வர் என்று நம்புகின்றோம். அந்தப் பத்து நிமிடத் தடையின் பொருளும் இதுவே. தட்டுவதை நிறுத்தினால் போதும். தெருவைத் தண்டிக்க வேண்டா.

இனி, அறிவிக்கும் முறை. இதனை ஒரு கட்டுரைப் பயிற்சியாகவே நம் மாணவர்க்குக் கொடுத்துப் பார்த்தோம். ‘இம்முகவரிக்காரர் திருடர், எங்கள் கணினியைக் கொள்ளையடிக்க வந்தார்’ என்று பலர் எழுதினர். சிவப்பு மையால் அடித்தோம். திருடர் என்பது உனக்கு எப்படித் தெரியும்? கொள்ளையடிக்க வந்தார் என்பது உன் ஊகம். நீ கண்டது என்ன? ‘இந்நாள், இந்நேரம், இம்முகவரியிலிருந்து எங்கள் கணினியின் 22ஆம் வாயிலில் 214 முறை நுழைய முயற்சி நடந்தது, ஒன்றும் வெற்றி பெறவில்லை, பதிவேட்டின் வரிகள் கீழே உள்ளன’ என்று எழுதினால் அது சான்று. பெறுகின்றவர் அதனைக் கொண்டு மேலே செல்ல முடியும்.

நேரத்தை எழுதும்போது எந்த நாட்டு நேரம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். நம் நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. அதனைக் குறிக்காவிட்டால், ஐந்தரை மணி நேரம் முன்னோ பின்னோ அம்முகவரியை வைத்திருந்த வேறொருவர் தலையில் பழி விழும். கடிகாரத்தைச் சரியாக வைக்குமாறு அரசு ஆணையிட்டதன் காரணம் விளங்குகின்றதன்றோ? பகிர்ந்த முகவரியாயின், வந்த இணைப்பின் போர்ட் எண்ணையும் எழுதினாலன்றிச் சேவை நிறுவனத்தாலும் ஆளைப் பிரித்தறிய இயலாது.

எந்த முகவரி எந்த நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்குப் பொதுப்பதிவேடு உண்டு. உலகை ஐந்து வட்டாரமாகப் பிரித்து முகவரிகளை வழங்குகின்றனர். நம் வட்டாரத்துக்குரிய ஏப்னிக் என்ற அமைப்பு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் உள்ளது. ஹூயிஸ் எனப்படும் அதன் பதிவேட்டில் எண்ணைக் கொடுத்துத் தேடினால் நிறுவனத்தின் பெயரும், முறையீடு அனுப்ப வேண்டிய மின்னஞ்சலும் கிடைக்கும். கிடைப்பது நிறுவனத்தின் பெயரே, தாக்கியவர் பெயரன்று. அந்நிறுவனத்துக்கு ஒரு கடிதம், சர்ட்-இன் அமைப்புக்கு ஒரு கடிதம். பணம் பறிபோயிருந்தால் காலந்தாழ்த்தாது 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இவையன்றி, 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டிஷீல்டு, இந்நாளில் பலரும் பயன்படுத்தும் அப்யூஸ் ஐ.பி.டி.பி. போன்ற பொதுத் தொகுப்புகளும் உள. உலகெங்குமிருந்து வரும் அறிக்கைகளை அவை ஒருங்கு திரட்டுகின்றன. பலர் கண்ட ஒன்று ஒருவர் கண்டதினும் வலிமையுடையது. ஆயினும் அத்தொகுப்பிலும் நேற்றைய அறிக்கையையும் மூன்றாண்டுக்கு முந்தைய அறிக்கையையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தலாகாது.

கோபங்கொண்டு திருப்பித் தாக்கலாமா என்று ஒரு மாணவன் கேட்டான். கூடாது. பிறர் கணினியில் உரிமையின்றி நுழைவது, அவர் நம்மைத் தாக்கியிருந்தாலும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகளின்படி குற்றமே. மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். அதுவுமன்றி, அங்கே உண்மையில் இருப்பது யார்? 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகைக் கலக்கிற்று. அது பிடித்துக்கொண்டவை பெரும்பாலும் கண்காணிப்புக் கேமராக்களும் வீட்டு ரூட்டர்களுமே. தொழிற்சாலையில் வைத்த பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றாமல் மாட்டியவற்றை, அறுபதுக்கு மேற்பட்ட அத்தகைய பெயர்–கடவுச்சொல் இணைகளைச் சொல்லிப் பார்த்துத் திறந்துகொண்டது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அவ்வெந்திரப் படை டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய தளங்கள் பலர்க்கு எட்டாமற் போயின. தாக்கிய முகவரிகளுக்கு உரியோர் கடைக்காரர்களும் குடும்பத்தாருமே. தங்கள் சுவரில் தொங்கும் கேமரா போருக்குச் சென்றுவந்ததை அவர்கள் அறியார். அந்நிரலை ஆக்கியோர் அமெரிக்க இளைஞர் மூவர். 2017 டிசம்பரில் அவர்கள் ஒப்புக்கொண்டது வெளியாயிற்று. கணினி விளையாட்டு சர்வர்களுக்கிடையேயான போட்டியில் தொடங்கிய வேலை அது. அத்தகைய திறமை, 2500 மணி நேரச் சமூகப் பணி என்ற தண்டனையில் வந்து நின்றது.

நம் நாட்டில் இவ்வாறு நோயுற்ற கருவிகளைக் கண்டு, அவற்றுக்குரியோரைச் சேவை நிறுவனங்களின் வழியாக எச்சரிக்கவும், நீக்கும் மென்பொருளை இலவசமாக வழங்கவும் சைபர் ஸ்வச்தா கேந்திரா என்ற மையத்தை மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிற்று. அம்மையத்தின் பெயரைக் கேள்வியுற்றவர் எத்தனை பேர் என்று வகுப்பில் கேட்டோம். ஒரு கையும் உயரவில்லை. அரசு செய்வதை அறியாமலிருப்பது சலுகையில் மட்டுமன்று, இதிலும் உண்டு.

கழகத்தார்க்கு ஒரு வேண்டுகோள். நூலக அறையில் உள்ள கணினிகளைக் கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் பதிவேடு படிக்கும் வகுப்பைத் தொடங்கலாம். நம் ரூட்டரின் பதிவேடே முதற்பாடமாக இருக்கட்டும். பிறர் கணினிப் பக்கம் போக வேண்டா. லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளம் போதும். ஆங்கிலம் வாராது என்று அஞ்சுவோர்க்கு ஒன்று கூறுவோம்: பதிவேட்டின் வரிகளில் வரும் ஆங்கிலச் சொற்கள் மிகச் சிலவே, ஒரு மாதத்திற் பழகிவிடும். அறிக்கை எழுதும் பயிற்சியை நாம் ஏற்றுக்கொள்கின்றோம். கல்வராயன் மலையிலிருந்து வந்து நம் விடுதிகளில் தங்கிப் பயிலும் பிள்ளைகளுக்கும் அவ்வகுப்பில் இடமிருக்க வேண்டும். அவர்கள் ஊருக்குத் திரும்பும் பேருந்து நேரத்தைக் கருதி வகுப்பு நேரத்தை அமைக்க வேண்டும்.

சின்னசேலம் கடைவீதியில் கடை வைத்திருக்கும் நம் உறவினர் சிலர் இங்கே அமர்ந்திருக்கின்றீர்கள். அரிசி ஆலையிலும் மக்காச்சோள மண்டியிலும் கணக்கெழுதுவோரும் இருக்கின்றீர்கள். உங்கள் கேமராவுக்கும் ரூட்டருக்கும் பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றினீர்களா என்று மாட்டிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். மாற்றவில்லை எனில், நம் மாணவர் இருவர் மண்டபத்தின் பின்வாயிலருகே நோட்டுப் புத்தகத்தோடு அமர்ந்துள்ளனர்; கடையின் பெயரை மட்டும் எழுதிச் செல்லுங்கள், கடவுச்சொல்லை எழுதிவிடாதீர்கள். இவ்வாரத்துக்குள் வந்து மாற்றும் முறையைக் காட்டித் தருவர்; புதிய சொல்லை நீங்களே இட்டுக்கொள்ளலாம்.